கோலும் அதன் விலையும்

யூபிலி மலருக்கு ஏதேனும் எழுதி அனுப்புமாறு மலர்க்குழுவினர் கேட்டிருந்தனர். கல்லூரி வாயிலைக் கடந்து வெளியேறி அறுபது ஆண்டுகள் ஆகிவிட்டன. அதிபர்களின் பெருமையையும், ஆசிரியர்களின் புலமையையும், துடுப்பாட்ட வெற்றிகளையும் எழுத என்னிலும் தகுதி வாய்ந்த பழைய மாணவர் பலர் உளர். எனக்குக் கல்லூரி தந்த விளையாட்டு விடுதிச்சாலையின் கரம் பலகை ஒன்றே. அதனை நல்ல விளையாட்டென்று அன்று எவரும் ஒப்புக்கொண்டதில்லை. விடுதி மேலாளர் அதனை இருமுறை பறித்து அலுமாரியில் வைத்துப் பூட்டினார். அந்தப் பலகையிற் பழகிய கண்ணையும் விரலையும் கொண்டு மலைநாட்டுக்குச் சென்று நான் கற்ற ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். பழைய பில்லியட் கோல் ஒன்றைக் கையிலெடுத்து, அது நல்லதா, என்ன விலை பெறும் என்று சொல்லும் கலை அது. இக்கலையில் நான் ஒருமுறை பெரிதும் தவறினேன்.

1967 ஆம் ஆண்டிலே ஹற்றனை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்துக் கந்தோரில் இளைய கிளாக்கராகச் சேர்ந்தேன். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் பலருக்கு அக்காலத்தில் அதுவே வழி. தோட்டத்திலிருந்து மூன்று மைல் தொலைவில் துரைமார் கழகம் ஒன்று இருந்தது. மலைநாட்டிலே துரைமார் சென்ற இடமெல்லாம் முதலில் ஒரு கழகமும், கழகம் எழுந்த இடமெல்லாம் ஒரு பில்லியட் மேசையும் தோன்றுதல் வழக்கம். நுவரெலியாவின் ஹில் கிளப் 1876 இல் தொடங்கியது. பன்னிரண்டடி நீளமும் ஆறடி அகலமும் உடைய அந்த மேசையின் அடித்தளம் கற்பலகையால் ஆனது. அக்கற்பலகைகள் கப்பலேறி வந்து, கொழும்பிலிருந்து ஆறாயிரம் அடி உயரத்துக்கு எவ்வாறு ஏற்றப்பட்டன என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்பாகும். ஏற்றியவர் யார் என்பதில் மட்டும் வியப்பில்லை.

அக்கழகத்தின் மேசையைக் காத்து, ஆட்டத்தின் புள்ளிகளைக் கூவிச் சொல்லும் உத்தியோகத்தில் இருந்தவரை யாவரும் ‘மாக்கர்’ என்றே அழைத்தனர். அவருடைய தந்தையும் அதே மேசைக்கு மாக்கராக இருந்தவர். திங்கட்கிழமைகளில் கழகத்துக்கு எவரும் வருவதில்லை. அன்று அவர் மேசையின் பச்சைத் துணியைத் தூரிகையாற் சீவி, கனத்த இஸ்திரிப் பெட்டியை அதன்மேல் ஒரே திசையில் ஓட்டுவார். பிறகு துணி ஒழுங்காயிருக்கிறதா என்று பார்க்கப் பந்துகளை உருட்ட வேண்டும். அவ்வாறு உருட்டுவதற்கு ஒருவர் உதவியாக வேண்டும் என்ற சாட்டில் என்னை உள்ளே அனுமதித்தார். கந்தோரிலே யாவரையும் ‘நீ’ என்று அழைத்துப் பழகிய என் நாவு, அவரைத் தொடக்கத்தில் அவ்வாறே அழைத்தது. அவர் என்னை ‘ஐயா’ என்றார். எனது வயது இருபது; அவருடையது நாற்பதுக்கு மேல். சில மாதங்களின் பின், ஒரு திங்கட்கிழமை என்னையறியாமலே ‘நீங்கள்’ என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மீண்டும் துணியைச் சீவினார்.

அவரிடம் கற்றவற்றைச் சொல்கிறேன்.

நல்ல கோலின் தண்டு ஆஷ் என்னும் மேனாட்டு மரத்தாலாயது. மேப்பிள் மரத்தாலும் செய்வர். கைபிடிக்கும் அடிப்பகுதி கருங்காலி. இக்கருங்காலியைப் பற்றி ஒரு வார்த்தை. நமது வரண்ட வலயக் காட்டிலே வளர்வது, நீரிலிட்டால் அமிழ்வது. இலங்கைக் கருங்காலி என்று உலகச் சந்தையிலே பெயர் பெற்றது. அது மரக்குற்றியாக இங்கிருந்து இலண்டனுக்குப் போய், கோலின் அடியாக மாறி, துரையின் சாமான்களோடு மலைநாட்டுக்குத் திரும்பி வருவதுண்டு. “போனதும் நம்ம மரம், வந்ததும் நம்ம மரம், நடுவில வெள்ளைக்காரன் பேரு ஒட்டிருச்சு” என்பார் மாக்கர். கோலின் அடியிற் பதிக்கப்படும் சிறு வெண்தகட்டைத்தான் அவர் குறிப்பிட்டார். தேர்ஸ்டன், பறோஸ் அன் வாட்ஸ் முதலிய பெயர்கள் அத்தகட்டிலே பொறிக்கப்பட்டிருக்கும். வாங்குவோர் முதலிற் பார்ப்பது அந்தத் தகட்டையே. மாக்கர் அதனைக் கடைசியிற் பார்க்கச் சொன்னார்.

முதலிற் பார்க்க வேண்டியது மரத்தின் ரேகை. ஆஷ் மரத்தண்டிலே ரேகைகள் அம்புமுனை போல ஒன்றன்பின் ஒன்றாக நுனியை நோக்கி அடுக்கப்பட்டிருக்கும். அந்த அம்புகள் ஒரே வரிசையில், நேராக ஓட வேண்டும். ரேகை பக்கவாட்டில் விலகி வெளியே ஓடிவிட்டால் அந்த இடத்தில் மரத்துக்குப் பலமில்லை. இன்று நேராக நின்றாலும் இரண்டு மழைக்காலம் கண்டபின் அங்கேதான் வளையும்.

அடுத்தது நேர்மை. கடைக்காரர்கள் கோலை மேசைமேல் உருட்டிக் காட்டுவர். உருளும்போது நுனி துள்ளாவிட்டால் நேரான கோல் என்பது பொது நம்பிக்கை. இதனை மாக்கர் ஒப்புக்கொள்ளவில்லை. கையால் இழைத்த தண்டு முழுவட்டமாக இராது. சற்று நீள்வட்டமாயிருந்தாலும் உருட்டும்போது துள்ளும். அடியிலிருந்து ஒரு கண்ணை மூடி நோக்கி, கோலை மெல்லத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதே சரியான சோதனை. வளைவு அடியை அண்மியிருந்தால் பாதகம் குறைவு. நுனியை அண்மிய கடைசி ஓரடியில் வளைவிருந்தால் அதனைத் தொடாதே.

மூன்றாவது, அடியும் தண்டும் இணையும் இடம். கருங்காலி நான்கு நாக்குகளாக நீண்டு வெண்மரத்தைப் பற்றியிருக்கும். நாக்குகளின் நுனி வளைந்து மழுங்கியிருந்தால் கைவேலை. வாள்முனை போலக் கூராயிருந்தால் இயந்திர வேலை. நான்கும் ஒரே உயரத்தில் நின்றால் செய்தவன் அவசரப்படாதவன்.

நான்காவது, எடை. அடியிலே அவுன்ஸ் கணக்கைப் பொறித்திருப்பார்கள். பெரும்பாலும் பதினாறு முதல் பதினெட்டுக்குள் இருக்கும். பொறித்த எண்ணை நம்பக்கூடாது என்று மாக்கர் சொன்னதும், கழகத்துக் கோல் ஒன்றைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய், டீமேக்கரின் மாதிரித் தேயிலை நிறுக்கும் தராசிலே வைத்தேன். பதினேழு என்று பொறித்த கோல் பதினைந்தரை காட்டியது. அளந்தால் அடியில் இரண்டு அங்குலத்துக்கு மேல் அறுக்கப்பட்டிருந்தது. குள்ளமான துரை ஒருவர் தம் உயரத்துக்கு ஏற்ப வெட்டுவித்திருக்க வேண்டும். அடியை வெட்டினால் பாரம் முன்னே சாயும்; நுனியை வெட்டினால் எடை அதிகம் குறையாது, ஆனால் நுனி தடித்துக் கோல் விறைத்துவிடும். எனவே ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு அங்குலத்துக்குக் குறைந்த பழங்கோலைக் கண்டால், எந்த முனை குறைந்தது என்று கேட்க வேண்டும்.

ஐந்தாவது, ஒலி. கோலை நுனிக்குச் சற்றுக் கீழே இரு விரலால் தொங்கவிட்டு, மறுகையின் முட்டியால் தட்டிக் காது கொடுக்க வேண்டும். நமது தாய்மார் சந்தையிலே சட்டி பானையைச் சுண்டிப் பார்த்து வாங்குவர் அல்லவா? அதே முறைதான். ‘கணீர்’ என்றால் மரம் ஒன்றாக இருக்கிறது. மந்தமாகவோ, உள்ளே வண்டு முரல்வது போலவோ கேட்டால் எங்கோ ஒன்று கழன்றிருக்கிறது. எங்கே கழன்றது என்பதை அறிவதே வித்தை. இணைப்பிலா, தண்டின் வெடிப்பிலா, நுனியிலுள்ள பித்தளைப் பூணிலா? இணைப்பாயின் கோல் விறகு. பூணாயின் அரை மணி நேர வேலை. இதனையும் மாக்கர் எனக்குச் சொல்லித்தான் இருந்தார்.

நுனித் தோலைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிங்கோ என்னும் பிரெஞ்சுக்காரர் கோலின் நுனிக்குத் தோல் ஒட்டினாராம். அதன் பிறகே பந்துக்குச் சுழற்சி கொடுத்துப் பின்னுக்கு இழுக்கும் வித்தை வளர்ந்தது. ஆயினும் தோல் என்பது செருப்பின் அடி போன்றது, தேயும், மாற்றலாம். தோலைக் கொண்டு கோலை மதிப்பவன் செருப்பைக் கொண்டு ஆளை மதிப்பவன் என்பது மாக்கரின் வாக்கு. (தோலிற் பூசும் கட்டியை யாழ்ப்பாண வழக்கப்படி வெண்கட்டி என்றேன். “நீலமா இருக்கே ஐயா” என்று சிரித்தார்.)

இவ்வளவும் கண்ணுக்கும் காதுக்கும் உரியவை. கடைசிச் சோதனை கைக்குரியது. வெள்ளைப் பந்தை மேசையின் நடுக்கோட்டில் வைத்து, எதிர்ச் சுவர் வரை நேராக அடித்து, அது திரும்பி வந்து கோலின் நுனியைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். தொடாவிட்டால் பிழை உன் கையில்; கோலின்மேற் பழி போடாதே. அதன்பின் பந்தின் அடிப்பாகத்தைத் தாக்கிப் பின்னிழுப்பு ஒன்று. நல்ல கோலில் அந்த அடியின் அதிர்வு உள்ளங்கைக்கு வந்து உடனே அடங்கும். நொய்ந்த கோலில் அதிர்வு அலைந்துகொண்டிருக்கும். செத்த கோலில் ஒன்றுமே வராது. இதற்குமேல் எழுத்திற் சொல்ல எனக்கு இயலவில்லை. தேயிலை சுவைப்பவர் ஒரு மிடறை வாயில் உறிஞ்சித் துப்பிவிட்டு விலையைச் சொல்கிறாரே, அவரிடம் காரணம் கேட்டால் அவரும் திணறுவார்.

இந்த ஆட்டம் துரைமாரின் சொத்து என்று நான் எண்ணியிருந்தேன். 1958 இல் கல்கத்தாவிலே வில்சன் ஜோன்ஸ் என்ற இந்தியர் உலக அமெச்சூர் பில்லியட் பட்டத்தை வென்றதை மாக்கரே எனக்குச் சொன்னார். 1973 இல் நம் நாட்டு லாபிர் பம்பாயில் அதே பட்டத்தை வென்றபோது, அவர் வானொலியைக் கேட்டுவிட்டு, திங்கட்கிழமை அல்லாத ஒரு நாளிலே மேசையை முழுவதும் இஸ்திரி போட்டார். அன்று ஆடவந்த துரை காரணம் கேட்டதற்கு ஒன்றும் சொல்லவில்லையாம்.

இனி என் தவற்றுக்கு வருகிறேன்.

1964 ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ஏற்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தை நம் இளைய மாணவர் சரித்திரப் பாடத்திற் படித்திருப்பர். 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவரான மலைநாட்டுத் தமிழரிலே ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியா ஏற்பது, மூன்று இலட்சம் பேருக்கு இலங்கை பிரசாவுரிமை வழங்குவது, எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வது என்று இரு பிரதமர்களும் உடன்பட்டனர். எண்ணிக்கையாகப் படிக்கும்போது அது ஒரு கூட்டல் கணக்கு. எங்கள் கந்தோரிலே அந்தக் கணக்கின் பத்திரங்களை எழுதியவன் நான். 1976 இல் மாக்கரின் குடும்பத்துக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்தது. அவர் பிறந்தது ஹற்றனில். அவருடைய தந்தையும் அங்கேயே பிறந்தவர்.

அதற்கு முந்திய ஆண்டிலே கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. துரைமார் பலர் சாமான்களை விற்றும் கொடுத்தும் விட்டுச் சீமைக்குப் போயினர். அவ்வாறு போன ஒருவர், கறுப்புத் தகரக் குழலோடு ஒரு கோலை மாக்கருக்குக் கொடுத்துச் சென்றார். பயண நாள் குறிக்கப்பட்டபின், ஆடி மாதத்து அடைமழையிலே, அந்தக் குழலைச் சாக்கினாற் சுற்றிக்கொண்டு மாக்கர் என் குவாட்டர்ஸுக்கு வந்தார்.

“இதுக்கு என்ன மதிப்பு வரும்னு நீங்க பார்த்துச் சொல்லணும் ஐயா. நீங்களே எடுத்துக்கிட்டாலும் சரி.”

எனக்குக் கற்பித்தவர் என்னிடம் மதிப்புக் கேட்கிறார் என்ற பெருமிதம் தலைக்கேறியது. கோலை எடுத்தேன். மெருகு ஈரத்தால் பிசுபிசுத்தது. நுனித்தோல் கல்லாய் இறுகியிருந்தது. வெண்தகடு விழுந்துவிட்டது; அதன் குழி மட்டும் இருந்தது. என் சாப்பாட்டு மேசையில் உருட்டினேன், துள்ளியது. தொங்கவிட்டுத் தட்டினேன், மந்தமான ஒலி. இணைப்பு விட்டுப்போயிற்று என்று தீர்மானித்தேன். அடியிலிருந்து கண் வைத்துப் பார்க்கவில்லை. பூணைத் தொட்டும் பார்க்கவில்லை. மழையும் மங்கலும் காரணம் என்று பல காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. விலை குறைவாயிருக்க வேண்டும் என்று என் மனம் முன்னரே விரும்பிற்று. விரும்பியதைக் காது கேட்டது.

“இணைப்பு ஆடுது. எழுபத்தைந்து ரூபாய் தரலாம்” என்றேன்.

மாக்கர் என் முகத்தைச் சிறிது நேரம் பார்த்தார். “நீங்க சொன்னாச் சரி ஐயா” என்று பணத்தை வாங்கி, எண்ணாமல் மடியிற் செருகிக்கொண்டு மழையில் இறங்கினார். அடுத்த வாரம் அவர்கள் ஹற்றனில் றெயிலேறித் தலைமன்னாருக்குப் போயினர். நான் நிலையத்துக்குச் செல்லவில்லை; மாத முடிவுக் கணக்கு இருந்தது.

தை மாதத்தில் மழை விட்டு வெயில் வந்தது. தோல் மாற்றுவதற்காக நுனியைப் பிடித்தபோது பித்தளைப் பூண் என் விரலோடு சுழன்றது. அதனைக் கழற்றி, சுத்தம் செய்து, புதிதாக ஒட்டி, ஒருநாள் காயவிட்டுத் தட்டினேன். கோயில் மணி கேட்டது போலிருந்தது. அடியிலிருந்து நோக்கினேன்; நூல் பிடித்த நேர். அம்புகள் ஒன்றும் விலகவில்லை. கருங்காலி நாக்குகள் நான்கும் ஒரே மட்டத்தில், மழுங்கிய முனையோடு நின்றன. அதற்குப் பின் எத்தனையோ கோல்களைத் தொட்டிருக்கிறேன். அதற்கு நிகரானதைத் தொட்டதில்லை.

1978 இல் ஓர் அஞ்சலட்டை வந்தது. இலங்கையிலிருந்து திரும்பியோருக்காக 1968 இல் தமிழ்நாட்டு அரசு நீலகிரியிலே தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் ஒன்றில், கூடலூருக்கு அப்பால், தமக்கும் மகனுக்கும் வேலை கிடைத்ததாக எழுதியிருந்தார். கோலைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் பதில் எழுதினேன். நானும் கோலைப் பற்றி எழுதவில்லை. பிறகு எழுத்தும் நின்றது.

1993 இல் திருச்சிக்கு ஒரு கருமமாகப் போக நேர்ந்தபோது, கோலையும் கூடவே கொண்டு சென்றேன். அக்காலத்திலே தமிழன் ஒருவன் ஐந்தடி நீளமான கறுப்புத் தகரக் குழலோடு கொழும்பைக் கடப்பதென்றால் என்னவென்று விவரிக்க வேண்டியதில்லை. சோதனைச் சாவடி ஒவ்வொன்றிலும் அது திறக்கப்பட்டது. ஒரு சிப்பாய் மட்டும் அதன் பெயரைச் சரியாகச் சொல்லி, லாபிரின் பெயரையும் சொல்லி விட்டுவிட்டான்.

உதகமண்டலத்தில் ஓர் இரவு தங்கினேன். ஸ்னூக்கர் என்ற ஆட்டத்தை 1875 இல் ஜபல்பூரிலே சேம்பர்லேன் என்னும் இளம் இராணுவ அதிகாரி தொடங்கினாரென்றும், 1882 இல் அதன் விதிகள் ஊட்டிக் கழகத்துச் சுவரிலே எழுதி மாட்டப்பட்டனவென்றும் படித்திருந்தேன். அக்கழகத்தின் படலையை வீதியில் நின்று பார்த்தேன். மறுநாள் பேருந்தில் கூடலூருக்கு இறங்கினேன்.

மாக்கர் முதுமையடைந்து, ஒரு கண்ணில் படலம் விழுந்து, சிறிய ஓட்டு வீட்டின் திண்ணையில் இருந்தார். குரலைக் கேட்டே என்னை அறிந்தார். குழலைத் திறந்து கோலை அவர் கையிற் கொடுத்தேன். கருங்காலியைத் தடவவில்லை, நேரே நுனிக்குத்தான் விரல்கள் போயின. பூணைப் பிடித்துத் திருகிப் பார்த்தார்.

“இப்ப இறுகியிருக்கு” என்றார்.

“அன்றைக்கே உங்களுக்குத் தெரியுமா?”

“பூண் ஆடுனது தெரியும் ஐயா. உங்க காது கண்டுபிடிக்கும்னு இருந்தேன்.”

உள்ளே அடுப்படியிலிருந்த அவர் மனைவி, “மண்டபத்துல இவரு காய்ச்சல்ல கிடந்தப்ப அந்தக் காசு இருந்திருந்தா என் தோடாவது...” என்று தொடங்கினார். மாக்கர் அந்தப் பக்கம் திரும்பினார், பேச்சு நின்றுவிட்டது. எனக்குத் தேநீர் வந்தது. நல்ல தேயிலை, ஆனால் எவ்வாறு குடித்தேன் என்று நினைவில்லை.

கொண்டுபோயிருந்த ஐயாயிரம் ரூபாயை உறையோடு நீட்டினேன். இம்முறை எண்ணினார், இரண்டு முறை எண்ணினார். இருநூற்றிருபத்தைந்து ரூபாயைச் சில்லறைக்காக மகனிடம் கேட்டுப் பிரித்தெடுத்துக்கொண்டு, எஞ்சியதை உறையிலிட்டு என் பக்கம் தள்ளினார்.

“அன்னைக்கு அதோட விலை முந்நூறு. எழுபத்தஞ்சு குடுத்தீங்க.”

“பதினேழு வருஷம் ஆயிற்றே” என்றேன்.

“கடனாக் குடுக்கலியே ஐயா, வட்டி போட. விலைதானே.”

கோலை அவரிடமே விட்டுப்போக எண்ணியிருந்தேன். அதைச் சொன்னதும், “இங்க மேசை எங்க இருக்கு?” என்று கேட்டு, துணியால் நுனி முதல் அடி வரை ஒருமுறை துடைத்துத் தகரக் குழலில் இட்டு மூடினார். ஆண்டுக்கொருமுறை ஆளிவிதை எண்ணெய் பூசவும், யாழ்ப்பாணத்து வெயிலிற் சுவரிலே சாத்தி வைக்காமற் படுக்க வைக்கவும் சொன்னார். மகன் என்னோடு சந்தி வரை வந்து பேருந்து ஏற்றிவிட்டான்.

கூடலூரிலே பொலிஸ்காரர் ஒருவர் பேருந்தில் ஏறினார். என் பேச்சைக் கேட்டதும் எந்த ஊர் என்று விசாரித்து, மடிமேல் கிடந்த குழலைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். கோலை வெளியே இழுத்து, பேருந்தின் நடைபாதையில் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் நீளத்தை நோக்கினார்.

“கொஞ்சம் வளைஞ்சிருக்கு போலிருக்கே?” என்றார்.